மூத்தவர் பெயரை ஆறு மணிக்குள் அனுப்பவும்

ஓய்வு பெற்ற பெரிய மனிதர்களைக் கட்டி மேய்ப்பதுதான் என் பிழைப்பு. சியோலில் எங்கள் கடல் பாதுகாப்பு ஆய்வு மையத்துக்கு மூன்று ஆலோசகர்கள் உண்டு, நான் செயலாளர். பத்திரிகையில் இருந்தவனாயிற்றே, பொறுமை இருக்கும் என்று நம்பி என்னை எடுத்தார்கள். பாவம், ஏமாந்துவிட்டார்கள்.

அன்று மாலை ஆறு மணிக்குள் டோக்கியோவுக்கு ஒரே ஒரு பெயர் போயாக வேண்டும். இரு நாட்டு ஆலோசகர்களும் உட்கார்ந்து பேசப்போகும் கூட்டத்துக்கு எங்கள் குழுத் தலைவர் யார் என்ற பெயர். போகாவிட்டால் அந்த இடம் எதிர்த்தெரு மையத்துக்குப் போய்விடும். ஒரு வருடம் கெஞ்சிக் கூத்தாடி நான் வாங்கிய கூட்டம் அது. எதிர்த்தெருக்காரர்கள் பெட்டியே கட்டிவிட்டார்களாம்.

சிக்கல் என்னவென்றால், தலைமை மூத்தவருக்குத்தான்; ஆனால் ஆலோசகர்களில் அட்மிரல் யோம் கடற்படையில் மூன்று நட்சத்திர அதிகாரி. தூதர் சொக் ஓய்வு பெற்றது துணை அமைச்சர் தகுதியில். தராசில் வைத்தால் முள் அசையாது. எங்கள் ஊரில் ஓய்வு பெற்றாலும் யாரும் பதவியைக் கழற்றி வைப்பதில்லை. பல் துலக்கும்போதுகூட அவர் அட்மிரல்தான், இவர் தூதர்தான். பதவி சமம் என்றால் வயதைப் பார்ப்போம். அதிலும் விதி விளையாடியது. எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு மிருகத்தின் பெயர்; இருவரும் பிறந்தது ஒரே குதிரை வருடம்.

மூன்றாமவர் திருமதி தாக். உளவுத் துறையில் இருந்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கருகருவென்ற முடி, சின்ன உருவம், அளந்த பேச்சு. ஆண்கள் இருவரும் அவரைப் பத்து வயது இளையவராகவே நடத்தி வந்தார்கள். "தாக் அம்மா, அந்தத் தண்ணிய இப்படித் தள்ளுங்க" என்பார் அட்மிரல். அவரும் தள்ளுவார்.

வயிறு நிறைந்தால் மனசு இளகும் என்று நினைத்து, ஐந்து மணிக்கே மூவரையும் கீழ்த்தளத்து மாட்டெலும்புச் சூப் கடைக்கு அழைத்துப் போனேன். அதைவிட முட்டாள்தனம் வேறு இல்லை. சூப் கொதிக்கக் கொதிக்க வந்தது. இளையவன் நான், ஸ்பூன்களை எடுத்து வைத்தேன். யாரும் தொடவில்லை. மூத்தவர் ஸ்பூனை எடுக்காமல் மற்றவர்கள் எடுக்கக் கூடாது. மூத்தவர் யார் என்பதுதானே சண்டையே!

"அடையாளக் கார்டுல இருக்கறது பொய் வயசு," என்று ஆரம்பித்தார் அட்மிரல். "அந்தக் காலத்துல குழந்தை பொழைக்குமான்னு பாத்துட்டுத்தானே பதிவாங்க? எங்கப்பா ஒரு வருஷம் கழிச்சுத்தான் என்னப் பதிஞ்சாரு. நெசத்துல நான் குதிரைக்கு முந்தின பாம்பு வருஷம்."

"அட, என்ன ஒத்துமை!" என்று சிரித்தார் தூதர். "நானும் பாம்பு வருஷந்தான். பதிவு ஆபீஸுக்குப் போகணும்னா எங்க ஊர்ல ஆத்தத் தாண்டணும். அப்பாவுக்கு நேரமில்ல."

"நேத்து வரைக்கும் இதச் சொல்லவே இல்லியே?"

"நேத்து யாரும் கேக்கலியே."

அட்மிரல் கிம்ச்சி என்ற முள்ளங்கி ஊறுகாய்த் துண்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினார். கடற்படைக்காரர்களுக்கு எதையும் வரைபடம் ஆக்கினால்தான் புரியும். "இது வருஷப் பொறப்பு. இது வசந்தம். நான் பொறந்தது பனி உருகறப்போ, இங்க. நீங்க எங்க?"

தூதர் எட்டிப் பார்த்து, அட்மிரலின் துண்டுக்கு ஒரு விரல் முன்னால் இன்னொரு துண்டை வைத்தார். "பனி உருக ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி."

"இப்பப் பாத்து வெக்கறீங்க!"

"கோபம் வேணாம் அட்மிரல். ரெண்டு தரப்பும் ஒருத்தர் பொறந்த நாள ஒருத்தர் மதிக்கறோம், மத்தத அப்புறம் பேசிக்கலாம்னு ஒரு அறிக்கை..."

"இப்படிப் பேசித்தானே மீன்பிடி ஒப்பந்தத்துல பாதிக் கடல விட்டுட்டு வந்தீங்க!"

"நீங்க மட்டும்? கப்பல ஓட்டினீங்களா, முள்ளங்கிய ஓட்டினீங்களா?"

மணி ஐந்தே முக்கால் ஆகப்போகிறது. சூப்பின் மேல் கொழுப்பு ஏடு கட்டிவிட்டது. கடைக்கார அம்மா எட்டிப் பார்த்து, "சூப்புல ஏதாச்சும் குறையா?" என்று கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.

திருமதி தாக் சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்கு முன்னால் ஸ்பூனை எடுத்து, நிதானமாக, சோற்றையும் போட்டுக் கலக்கி!

"தாக் அம்மா!" என்றார் அட்மிரல். "பெரியவங்க இன்னும் ஆரம்பிக்கலியே!"

"ஆரம்பிச்சாச்சே," என்றார் அவர். பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து முள்ளங்கிகளுக்கு நடுவே வைத்தார். "டிராகன் வருஷம், பாம்புக்கும் முந்தினது. கார்டுலயே. உங்க கதைப்படி பாம்பு வருஷம்னே வெச்சுக்கிட்டாலும் நான்தான் மூத்தவ. முடிக்கு மாசாமாசம் சாயம் போடறேன்."

தூதர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை நாள் ஏன் சொல்லலிங்க?"

"நேத்து யாரும் கேக்கலியே."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கிம்ச்சியை வாயில் திணித்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு," என்றார் அவர். "நீங்க ரெண்டு பேரும் பெரிய பதவிக்குப் போறப்ப உங்க பூர்வீகத்த விசாரிச்சது எங்க பிரிவுதான். உங்கள்ல யாரு மூத்தவர்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

அட்மிரல் எழுந்தார். தூதரும் எழுந்தார். இருவரும் இடுப்பு வளைய வணங்கினார்கள். "மன்னிக்கணும் அக்கா," என்றார் அட்மிரல். எத்தனை தடவை தண்ணீர் தள்ளச் சொன்னோம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார், காது சிவந்துவிட்டது. தூதர் தாமே குவளையை எடுத்து இரண்டு கையாலும் அவருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

நான் கைபேசியில் அவசர அவசரமாகத் திருமதி தாக்கின் பெயரை அடித்தேன். "மேடம், முன்னாடி வகிச்ச பதவின்னு ஒரு வரி கேக்கறாங்க. என்ன போடட்டும்?"

"அரசுப் பணின்னு போடுங்க."

"அவ்வளவுதானா?" அட்மிரலுக்கு அவர் சார்பில் கோபமே வந்துவிட்டது. "எனக்கு அரைப் பக்கம் போடுவாங்க!"

"எங்க வேலை அப்படி. கூட்டத்துல செவுத்தோரமா உக்காருவேன். முப்பது வருஷத்துல எந்த மேசையிலயும் என் பேர வெச்சதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "டோக்கியோல பேர்ப் பலகை வெப்பாங்களா?"

"நடு நாற்காலிக்கு முன்னாடி, மேடம். பெரிசா."

"கூட்டம் முடிஞ்சதும் அத நான் எடுத்துக்கலாமா? கடல்பாசிக் கம்பெனில கணக்கு எழுதினேன்னுதான் என் பொண்ணு இன்னிக்கு வரைக்கும் நெனச்சிட்டிருக்கா. அவகிட்டக் காட்டணும்."

பெயரை அனுப்பிவிட்டு, எடுத்துக்கொள்ளலாம் என்று தலையை ஆட்டினேன்.

"அக்கா, அந்தப் பலகைய நானே பத்திரமாக் கொண்டாந்து வீட்ல சேக்கறேன்," என்றார் அட்மிரல்.

"நீங்க எதுக்கு? நான் தூக்கிட்டு வரேன்," என்றார் தூதர்.

"சண்டை வேணாம்," என்றார் அக்கா, ஆறிப்போன சூப்பை ரசித்துக் குடித்தபடி. "உங்கள்ல சின்னவர் தூக்கட்டும்."

இருவரும் சட்டென்று ஸ்பூனை எடுத்துக்கொண்டு குனிந்து சாப்பிடத் தொடங்கினார்கள்.