வீபெ அன்று ஏன் போகவில்லை

செத்துப்போன அப்பாவை ஒருவர் பதினைந்து வருஷமாக விதவிதமான ஆளாக மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த மகளுக்கும் அலுத்துத்தான் போகும். ரென்ஸ்கெவுக்கு அறுபத்துநான்கு வயது. ஹாலந்தின் வடக்கே, வாய்க்காலும் புல்வெளியுமான சிற்றூரில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்த நர்ஸ். ஓய்வுபெற்ற பிறகாவது நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்திருந்தாள். லாம்பெர்ட் விடவில்லை. அவர் கணக்கு வாத்தியாராக இருந்து, பிறகு போர்க்கால உளவு ஆராய்ச்சியில் இறங்கியவர்.

ஊர் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, 1943 அக்டோபரில், லண்டனிலிருந்து வந்த விமானம் ஊருக்கு வெளியே ஆயுதப் பெட்டிகளைப் பாராசூட்டில் இறக்கியது. எடுத்துவர வேண்டியவர்கள் ஊரின் ரகசிய எதிர்ப்புக் குழுவைச் சேர்ந்த நான்கு பேர். போனது மூன்று பேர். வயலில் ஜெர்மானியர்கள் காத்திருந்தார்கள்; மூவரையும் மறுவாரமே சுட்டுக் கொன்றார்கள். போகாத நாலாவது ஆள் ரென்ஸ்கெயின் அப்பா வீபெ.

காட்டிக்கொடுத்தது வீபெதான் என்றது லாம்பெர்ட்டின் முதல் புத்தகம். அது வந்த பிறகு ரென்ஸ்கெ கறிக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. அவள் மூன்று மாதம் அலைந்து, போருக்குப் பின் நடந்த விசாரணையின் நாற்பது பக்க நகலை வாங்கிவந்து லாம்பெர்ட்டின் மேஜையில் போட்டாள். வேறு மாவட்டத்தில் பிடிபட்ட ஒருவன் அடி தாங்காமல், பெட்டிகள் விழப்போகும் இடத்தை உளறியிருக்கிறான். வீபெ மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது. லாம்பெர்ட் இரண்டு நாள் படித்தார்.

"ஃபைல் ரொம்ப சுத்தமா இருக்கு. யாரோ துடைச்சிருக்காங்க" என்றார்.

"தப்பு பண்ணாத மனுஷனோட ஃபைல் எப்படி இருக்கும் லாம்பெர்ட்?"

"இதே மாதிரிதான் இருக்கும். அதான் எனக்கு சந்தேகமே."

ஆக இரண்டாவது புத்தகத்தில் வீபெ, ஜெர்மானியர்களின் ஆள்போல நடித்த லண்டனின் ஆளாகிவிட்டார். ஜெர்மானியர்களை நம்பவைக்க மூன்று பேரைப் பலிகொடுத்து, ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய இரட்டை உளவாளி. கறிக்கடையில் இப்போது அவளுக்கு நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்கள். அவளுக்கு முன்பைவிட எரிச்சல் வந்தது. மே மாதம் அப்பாவின் பெயரையும் சேர்த்துப் பொறித்த நினைவுக்கல்லை அவளே திறந்துவைக்க வேண்டும் என்று நகரசபை கடிதம் எழுதியது. அதற்கு முன்னால் தேவாலயக் கூடத்தில் லாம்பெர்ட்டின் சொற்பொழிவு. அவளுக்கு முன்வரிசை நாற்காலி.

நடந்தது என்னவென்று அவளுக்குத் தெரியும். அம்மா சாகும் தறுவாயில் சொல்லி, வெளியே விடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா வாயே திறந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் மே மாதம் போரில் இறந்தவர்களுக்கான மௌன அஞ்சலி நேரத்தில் ஊரே சதுக்கத்தில் நிற்க, அவர் மட்டும் மாட்டுக் கொட்டிலில் போய் உட்கார்ந்திருப்பார்.

கூடத்தில் லாம்பெர்ட் திரையில் அம்புக்குறிகளாகக் காட்டினார். லண்டன், பெர்லின், லிஸ்பன். எல்லா அம்பும் வந்து சேரும் இடத்தில் அப்பாவின் கல்யாணப் படம்.

"கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். வீபெ மட்டும் அன்னிக்கு ஏன் போகல? அறுபது வருஷமா இதுக்கு யாருமே பதில் சொல்லல."

ரென்ஸ்கெ எழுந்து நின்றாள். "வயித்துப்போக்கு" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. நோயாளியின் வீட்டாரிடம் பேசும் குரலில் தொடர்ந்தாள்.

"கெட்டுப்போன விலாங்கு மீனைத் தின்னுட்டு அன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து அப்பா கக்கூஸை விட்டு வெளியில வரல. எங்கம்மா நாலு தடவை துணி மாத்தினாங்க. கூட்டாளிங்க மூணு பேர் செத்து, தான் மட்டும் வயிறு கெட்டதால பிழைச்சேன்னு எந்த மனுஷன் வெளியில சொல்லுவான்? அவர் ஜெர்மன்காரன் ஆளும் இல்ல, லண்டன் ஆளும் இல்ல. மாடு வச்சிருந்தார். அவ்வளவுதான்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். லாம்பெர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒழிந்தது சனியன் என்று அவள் நினைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"அந்த மீனை அவருக்கு யார் வித்தது?"

ரென்ஸ்கெ வெளியே நடந்தாள்.

கோட் மாட்டும் இடத்தில் தினெகெ வழிமறித்து நின்றாள். சுடப்பட்ட மூவரில் ஒருவரின் மகள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆனால் வீபெ வீட்டு வாசலை மிதிக்காதே என்று தாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றி, இத்தனை வருஷத்தில் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை. அறைவாள் என்றே ரென்ஸ்கெ எதிர்பார்த்தாள்.

"அன்னிக்கு உங்கப்பாவைக் கூப்பிட யார் வந்தாங்க?" என்று கேட்டாள் தினெகெ.

"உங்கப்பாதான். கக்கூஸ் கதவுக்கு வெளியில நின்னு சிரிச்சாராம். 'நீ உட்காருடா வீபெ, உன் பங்கையும் சேத்து நாங்களே தூக்கிட்டு வர்றோம்'னாராம்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சிக்கிட்டேதான் போனாராம். அம்மா சொன்னாங்க."

தினெகெ பிறந்தது அவள் அப்பா இறந்து நான்கு மாதம் கழித்து. அவளிடம் இருந்த ஒரே படத்தில் அவர் விறைப்பாக நின்றிருப்பார். அவள் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ரென்ஸ்கெயும் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே லாம்பெர்ட் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நினைவுக்கல்லில் மூன்று பெயர்தான் பொறிக்க வேண்டும் என்று ரென்ஸ்கெ எழுதிக்கொடுத்தாள். இழுத்தடித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். அந்த மே மாதம் அவளும் தினெகெயும் சதுக்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். புதன்கிழமைகளில் தினெகெ காபிக்கு வரத் தொடங்கினாள். வந்ததும், சொன்னதையே மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

மறுவருஷம் லாம்பெர்ட்டின் மூன்றாவது புத்தகம் வந்தது. மீன் விற்றவருக்குத் தனி அத்தியாயம். அவருடைய பேரன், செருப்புக்கடைக்காரர், புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ரென்ஸ்கெயின் வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. தாத்தா மீன் மட்டும்தான் விற்றார் என்பதற்குத் தன்னிடம் ஆதாரம் இருக்கிறது என்றார்.

"உள்ள வாங்க, காபி குடிங்க" என்றாள் ரென்ஸ்கெ. "அந்த ஆதாரத்தை மட்டும் லாம்பெர்ட்கிட்ட காட்டிடாதீங்க."