கூரையில் வைத்த அம்பு

அக்டோபர் 17, வியாழக்கிழமை, முற்பகல் 11.08. தேசிய நிலநடுக்கப் பொறியியல் மாநாட்டின் இரண்டாம் நாள். மூன்றாம் அரங்கின் நூற்று நாற்பது நாற்காலிகளில் ஒன்றுகூடக் காலியாக இல்லை.

கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றபடி பொறியாளர் தன் படங்களை மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பேச்சு அவளுடையது. மூன்று மாடிப் பள்ளி ஒன்றின் கூரையில் கருவி வைத்து, சிறு அதிர்வொன்றில் கட்டடம் எந்தப் பக்கம் அதிகம் ஆடியது என்று அளந்திருந்தாள். குறுக்குவாக்கில்தான் பலவீனம் என்று அவள் சொன்னதை நம்பி, அந்தத் திசையில் நான்கு கான்கிரீட் சுவர்களை எழுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. நானூற்றுப் பத்துப் பிள்ளைகள். முதல் வரிசையில் இருந்த தலைமையாசிரியை, பேச்சைக் கேட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் பெற்றோர் கூட்டத்துக்கு ஓட வேண்டும்.

பக்கத்தில் நின்றது அவளுடைய அண்ணன். அவள் வேலை செய்யும் ஆய்வகத்திலேயே கருவிகளைப் பொருத்துகிறவன். தங்கை பேசுவதைப் பார்க்கவென்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான்.

"என்ன பாப்பா, எத்தனை தடவைதான் ஓட்டிப் பார்ப்ப? படமே தேஞ்சிடும் போல இருக்கு."

"சும்மா இருண்ணா. ஏழாவது படத்துல எழுத்து தெரியுதா, பாரு."

குனிந்தான். கூரையின் வரைபடம். நடுவே கருவி. கருவியின் முதுகில் இருக்கும் அம்பு கட்டடத்தின் நீளத்தைப் பார்த்திருந்தது. பதிவில் எது நீளவாக்கு ஆட்டம், எது குறுக்குவாக்கு ஆட்டம் என்று பிரிப்பது அந்த அம்பை வைத்துத்தான். அந்த ஆய்வகத்தில் யார் வைத்தாலும் அம்பு நீளவாக்கில்தான் இருக்கும். அதை யாரும் கேட்டு உறுதி செய்வதில்லை. அவளும் கேட்கவில்லை.

"அம்பை ஏன் இப்படிப் போட்டிருக்க?" என்றான். "அங்க தண்ணித் தொட்டிக் குழாய் போகுது. கேபிள் சொருக இடமில்ல. குறுக்கத் திருப்பித்தானே வெச்சேன்."

"என்கிட்ட எப்போ சொன்ன?"

"பதிவுத் தாள்ல எழுதினேனே. பின்பக்கம்."

"பின்பக்கத்தை யாருண்ணா பார்ப்பா?"

அவள் படத்திலிருந்த அம்பை மனதுக்குள் குறுக்கே திருப்பிப் பார்த்தாள். அப்படியென்றால் கட்டடம் ஆடியது நீளவாக்கில். புதுச் சுவர்கள் தாங்குவதோ குறுக்குவாக்கில். அந்த ஆட்டத்துக்கு அவை ஒன்றும் செய்யாது.

அண்ணனுக்கும் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினான்.

"சாயங்காலம் தனியாப் போய்ச் சொல்லிக்கலாம். மேடையில உக்காந்திருக்கிறவர்தான் உன் வேலையை நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போடணும். இத்தனை பேர் முன்னாடி வேணாம்மா."

"அதுக்குள்ள அந்தம்மா பெற்றோர்கிட்ட 'பயமில்லாம அனுப்புங்க'ன்னு சொல்லிடுவாங்க."

"என் வேலையும் போகும், பாப்பா."

அமர்வுத் தலைவர் அவளை அழைத்தார். பன்னிரண்டு நிமிடம் என்று விரல்களைக் காட்டினார்.

மேடையேறியவள் முதல் ஆறு படங்களையும் தாண்டி ஏழாவதில் நிறுத்தினாள்.

"இந்தப் படம் தப்பு. கருவி இப்படி வைக்கப்படல. அதனால என் முடிவும் தப்பு. சுவர் கட்டினது வேற திசையில."

அரங்கில் சலசலப்பு எழுந்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அச்சுக்குப் போன கட்டுரைம்மா இது. நிச்சயமாத் தெரியுமா? யார் சொன்னது?"

அவள் வாய் திறக்குமுன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தாங்க வெச்சேன். குறுக்கத்தான் வெச்சேன்."

நூற்று நாற்பது தலைகள் திரும்பின. அண்ணன் தூக்கிய கையை இறக்கவில்லை.

தலைமையாசிரியை எழுந்தார். "இந்தத் திசை, அந்தத் திசையெல்லாம் எனக்குப் புரியாதும்மா. திங்கட்கிழமை திறக்கலாமா, கூடாதா?"

"கூடாது."

அவர் பையை எடுத்துக்கொண்டு, கைப்பேசியில் எண்ணை அழுத்தியபடியே வெளியேறினார்.

சனிக்கிழமை மறுபடி அளந்தார்கள். பலவீனம் நீளவாக்கில்தான் இருந்தது. கட்டுரை மாநாட்டுத் தொகுப்பில் இடம்பெறவில்லை. அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவளுடைய பணி நிரந்தரம் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. நீளவாக்கிலும் சுவர்கள் எழுப்பிய பிறகு, பள்ளி பிப்ரவரியில் திறந்தது.