பாலம் எந்தப் பக்கம்?

அமெரிக்காவின் இரும்பாலை ஊரான கெல்லர்டனில் ஒருவனைக் குடிகாரன் என்று திட்டலாம். திருடன் என்றுகூடத் திட்டலாம். அடுத்த வாரமே சேர்ந்து உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். கருங்காலி என்று மட்டும் ஒரு தடவை சொல்லிவிட்டால், அது பேரன் காலம்வரை போகாது. வேலைநிறுத்தத்தின்போது ஆலைக்குள் போய் வேலை செய்த ஒருவர் செத்தபோது, சவப்பெட்டியைத் தூக்க ஊரில் ஆள் வராமல் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கூலிக்குக் கூட்டிவந்தார்கள். இப்போது ஆலையே மூடிவிட்டது. உலைகள் ஆறிவிட்டன. அந்த வார்த்தை மட்டும் ஆறவில்லை.

இந்த முறை அந்த வார்த்தையை எடுத்துக்கொடுத்தவள் வெரோனா.

பெரிய வேலைநிறுத்தம் நடந்து ஐம்பது வருஷம் ஆகிறது என்று ஊரில் ஏற்பாடுகள் தடபுடலாக நடந்துகொண்டிருந்தன. கடைசிவரை ஆலைக்குள் கால் வைக்காதவர்களின் பெயர்களை ஒரு கல்லில் வெட்டி ஆற்றங்கரையில் நாட்டப் போகிறார்கள். அதற்கு முன்னோட்டமாக மாதா கோயிலின் கீழ்த்தள மண்டபத்தில் பழைய புகைப்படங்களை மாட்டினார்கள். நிலக்கரிப் படகுகள், இரும்புக் குழம்பைச் சுமந்து போகும் ரயில், வெள்ளத்தில் முழுகிய தண்டவாளம் என்று சுவர் முழுக்கப் படங்கள். செத்துப்போன ஒரு ஸ்டூடியோக்காரரின் பரணில் கிடைத்த நெகட்டிவ்களைப் பெர்னிஸ்தான் படமாகப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். பெர்னிஸ் விழாக் குழுத் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்காத தலைவி.

அதில் ஒரு படத்தின் முன்னால்தான் கூட்டம் நகரவில்லை. ஆலை வாசலிலிருந்து ஆற்றைப் பார்த்து எடுத்த படம். வாசலுக்கு எதிரே ரயில் நிற்கிறது. பின்னால் ஆறு, பாலம். கருங்காலிகள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் வெளியூர் முகங்கள். ஒருவன் மட்டும் கேமராவைப் பார்த்துவிட்டுக் கையால் முகத்தை மறைத்திருந்தான். அந்தக் கையில் நடுவிரல்கள் இரண்டும் இல்லை.

"உள்ளூர்க்காரன்டி. இல்லேன்னா எதுக்கு மூஞ்சிய மூடுறான்?" என்றாள் பெர்னிஸ்.

"இந்த ஊர்ல பத்து விரலோட செத்தவன் எத்தனை பேரு? விரலை வச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார் ஒரு கிழவர்.

வெரோனா பிரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்த கையோடு எட்டிப் பார்த்தாள். இந்த மாதிரி விஷயங்களில் அவளுக்கு ஞாபகம் அதிகம். ஞாபகம் அதிகம் என்கிற பெருமை அதைவிட அதிகம்.

"வலது கை, நடு ரெண்டு விரல். ஆலையில இரும்பு உருட்டுற உருளையில மாட்டிப் போச்சே, வாசில் துகாச். வேற யாரு?"

எல்லோரும் மூலைப் பக்கம் திரும்பினார்கள். வாசிலின் மகன் எமில் அப்போது மூலை மேஜையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தார். மனைவி போனபிறகு வெள்ளிக்கிழமை தவறாமல், கோயிலுக்காகப் பிரோகி செய்து விற்கும் இந்தப் பெண்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து வேலை செய்கிற ஒரே ஆம்பிளை அவர்தான். எழுந்து வந்தார். படத்தைப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

"உங்கப்பாவுக்கும் விரல் கிடையாதேடி?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது இடது கை. ரயில் பெட்டி கோக்கிறப்ப போனது. அதோட எங்கப்பா அந்தக் கோடையில இங்க இல்லவே இல்லையே. ஒஹாயோவுல மாமா பண்ணையில உருளைக்கிழங்கு தோண்டிக்கிட்டு இருந்தாரு. பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், உள்ள போகமாட்டேன்னாரு." வெரோனா இதை ஐம்பது வருஷமாகச் சொல்லிவருகிறாள். சொல்லும்போதெல்லாம் முதுகு கொஞ்சம் நிமிரும்.

பெர்னிஸ் அன்றே கல்வெட்டுக்காரருக்குப் போன் செய்து வாசில் துகாச் பெயரை நிறுத்திவைக்கச் சொன்னாள். படத்துக்குக் கீழே மாட்ட வாசிலின் பெயரை அட்டையில் எழுதியவள் வெரோனாதான். அவள் கையெழுத்து அழகு. பாலத்தை மறைக்காமல், அதற்கு நேர் கீழே, வலது ஓரத்தில் ஒட்டினாள்.

அந்த வலது ஓரம்தான் அவளை மாட்டிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். பூட்டிக்கிடந்த ஆலை வாசலருகே செருப்பில் கல் ஏறியது. கேட்டைப் பிடித்துக்கொண்டு செருப்பை உதறினாள். எதிரே தண்டவாளம். அதற்கு அப்பால் ஆறு. பாலம் அவளுக்கு இடது பக்கம் இருந்தது.

உதறிய கால் அப்படியே நின்றது.

படம் எடுத்தவன் இதே இடத்தில்தானே நின்றிருக்க வேண்டும்? படத்தில் பாலம் வலது பக்கம் இருந்ததே? கெல்லர்டனில் யாரும் இடம் வலம் என்று பேசுவதில்லை. எல்லாம் ஆறு வரும் பக்கம் மேலாறு, போகும் பக்கம் கீழாறுதான். பேக்கரிக்குக் கீழாத்துப் பக்கம், சர்ச்சுக்கு மேலாத்துப் பக்கம் என்பார்கள். பாலம் என்றால் கீழாறு. அது படத்தில் எந்த ஓரத்தில் இருந்தால் என்ன? ஒருவரும் பார்க்கவில்லை. ஊரே அந்த ஒரு கையை மட்டும் பார்த்தது.

பெர்னிஸ் நெகட்டிவைப் புரட்டி வைத்துப் படம் போட்டிருக்கிறாள். அப்படியென்றால் அது வலது கை இல்லை.

கேட்டின் இரும்பு உள்ளங்கையில் சில்லிட்டது. அந்தக் கோடையில் பண்ணையிலிருந்து அப்பா ஆரஞ்சுப் பழங்கள் கொடுத்தனுப்பினார். உருளைக்கிழங்குப் பண்ணையிலிருந்து ஆரஞ்சு எப்படி வரும் என்று கேட்கத் தோன்றாத வயசு. "உள்ள உக்காந்து தின்னு, வாசல்ல போகாதே. தோலை அடுப்புல போடு" என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. அப்பா திரும்பி வந்தபோது எப்படி இருந்தார் என்பதும் ஞாபகம் வந்தது. கோடை முழுக்க வெயிலில் மண் தோண்டியவர் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய் வந்தார். கருங்காலிகள் ஆலைக்குள்ளேயே படுத்து, கம்பெனி கொடுத்த சோற்றையும் பழத்தையும் ஆலைக்குள்ளேயே தின்றார்கள். வெயிலே பார்க்கவில்லை.

ஞாபகம் அதிகம் என்று பீற்றிக்கொண்டாளே, எல்லாம் ஞாபகம் இருந்தது. கூட்டிப் பார்க்கத்தான் இல்லை.

மண்டபத்துக்கு வந்ததும் பெர்னிஸைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னாள். பெர்னிஸ் படத்தைப் பார்த்தாள். பாலத்தைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"நாந்தான் தப்பாப் போட்டிருக்கேன்" என்றாள் தணிந்த குரலில். "சரி, விடு. ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள போயாச்சு. எமிலுக்குப் பிள்ளையா குட்டியா? உனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு. படத்தை மட்டும் நைசாக் கழட்டிடறேன். ஜனங்க மறந்துருவாங்க."

"இந்த ஊரா மறக்கும்?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

வெரோனாவுக்குப் பதில் தெரியும். போய் மேஜையில் உட்கார்ந்து பிரோகியின் ஓரங்களைக் கிள்ளி மூடினாள். ஒன்றும் மூடவில்லை. வென்னீரில் போட்டதெல்லாம் வாய் பிளந்தது.

வியாபாரம் களை கட்டியிருந்த நேரத்தில் எமில் வந்தார். வேலைக்கு வரவில்லை, வாங்க வந்திருந்தார். வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். பின்னால் யாரோ "கருங்காலிக்கு வெண்ணெய் தனிக் காசு" என்று முனகினார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். எமிலும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் வெரோனாவால் பார்க்க முடியவில்லை.

அவருக்குத் தட்டு நீட்டும் முறை அவளுக்கே வந்தது.

"எமிலு, அந்தப் படம்..."

"விடு வெரோனா. நீ இருந்ததைத்தானே சொன்னே" என்றார் அவர். "யோசிச்சுப் பாத்தேன். அந்த வருஷம் எங்கப்பா எனக்குப் புது ஷூ வாங்கிக் குடுத்தாரு. நிறுத்தம் நடக்கிறப்ப எவன் வீட்டுல ஷூ வாங்கினான்? பக்கத்து ஊர்ல ஒருத்தருக்குக் கிணறு வெட்டினேன்னாரு. நானும் நம்பினேன். மண்டு." தட்டை வாங்கிக்கொண்டார். "மாடத்துல இருந்த அவரு போட்டோவ எடுத்து டிராயர்ல போட்டுட்டேன். தினம் அந்த மூஞ்சியில முழிக்க முடியல."

வெரோனாவின் கையிலிருந்த கரண்டி வெண்ணெய்ப் பாத்திரத்துக்குள் முழுகியது. அவள் எடுக்கவில்லை. ஊர் வாயில் அவர் அப்பாவைப் போட்டுவிட்டோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அவர் மனசிலேயே அப்பாவைக் கெடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. வாசில் உண்மையிலேயே கிணறு வெட்டியிருப்பார். வெட்டி, கை காய்த்து, பிள்ளைக்கு ஷூ வாங்கியிருப்பார்.

"இப்படி வா" என்றாள்.

"எங்க?"

"வாடான்னா."

பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த உரிமை அது. எமில் தட்டோடு பின்னால் போனார். வரிசையும் திரும்பிப் பார்த்தது. வெரோனா கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தாள். படத்துக்குப் பக்கவாட்டில், சுவரை ஒட்டி நிமிர்த்திப் பிடித்தாள். விரல்களில் இருந்த வெண்ணெய் கண்ணாடியில் அப்பியது.

"ஆலை வாசல்ல நின்னா பாலம் எந்தக் கைப் பக்கம்? சொல்லு."

எமில் கண்ணை மூடி, கைகளை அசைத்து, தன்னையே வாசலில் நிறுத்திப் பார்த்தார். "இடது."

"படத்துல?"

அவர் பார்த்தார். பிறகு கண்ணாடிக்குள் பார்த்தார். அங்கே பாலம் சரியான இடத்தில் இருந்தது. முகத்தை மறைத்த மனிதன் இடது கையால் மறைத்துக்கொண்டிருந்தான்.

"படம் புரண்டு கிடக்கு" என்றாள் வெரோனா. எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். குரல் பாதிதான் வந்தது. "இது உங்கப்பா இல்ல. இது எங்கப்பா. யூராய் ஹூதாக். பண்ணைக்கெல்லாம் போகல அவரு."

தள்ளி நின்றவர் எமிலின் முகத்தைப் பார்க்காமல் மேற்கூரையைப் பார்த்தார். பெர்னிஸ் முன்னால் வந்து, தன் தவறையும் சொல்லிவிட்டு, மெதுவாக இழுத்தாள். "கல்லுல உங்கப்பா பேரை வெட்டி முடிச்சாச்சே வெரோனா. மேலேர்ந்து ரெண்டாவது."

"செதுக்கி எடுக்கச் சொல்லு."

"தழும்பு தெரியுமே."

"தெரியட்டும்."

எமில் தன் தட்டைப் பார்த்தார். பக்கத்து மேஜையில் வைத்தார். ஒரு பிரோகியைக்கூடத் தொடவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார். அவர் வயசுக்கு அந்த வேகம் அதிகம். டிராயரை நோக்கித்தான் போகிறார் என்று வெரோனாவுக்குத் தெரிந்தது.

படத்திலிருந்த அட்டையை உரித்தாள். பின்பக்கம் திருப்பி, அதே அழகான கையெழுத்தில் அப்பாவின் பெயரை எழுதினாள். ஒட்டப் பசை இல்லை. மாவைத் தொட்டு ஒட்டினாள். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். எதிரிலும் பக்கத்திலும் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஏதோ வேலை இருப்பதுபோல் அடுத்த மேஜைக்குப் போனார்கள்.

வெரோனா தனியாக உட்கார்ந்து ஓரங்களைக் கிள்ளினாள்.