ஒரு ஜீப்பும் ஒரு சாவியும்

தேவகிருபை சென்னையில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தாள். பல கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் வேலையைப் பங்கிட்டுக்கொள்வது எப்படி என்பது அவள் பாடம். 1984-ல் காயெடுப்பு சமயம் அவள் போடிக்கு வந்திருந்தபோது, அப்பா பிச்சைமணி கண் ஆபரேஷனுக்கு மதுரை போய்விட்டார். குரங்கணி மலையிலிருந்த ஏலக்காய்த் தோட்டம் அவள் தலையில் விழுந்தது.

தோட்டத்துக்கு ஒரே ஜீப்பு, காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ஒரே சாவி. கங்காணிகள் இருவர்; மேல்காட்டைக் கோட்டைச்சாமி பார்த்தார், கீழ்காட்டை வெள்ளைத்துரை. காயைக் கொண்டுவர ஜீப்பு வேண்டும், உள்ளே வைக்கச் சாவி வேண்டும். யாருக்கு எது என்பதை அப்பா சத்தம்போட்டே தீர்த்துவந்தார். மகளுக்கு அது நாகரிகமாகப் படவில்லை.

"எடுத்தவுக சோலி முடியுற வரைக்கும் வச்சுக்கங்கண்ணே. யாரும் பிடுங்கக் கூடாது" என்று சட்டம் போட்டாள்.

மறுநாள் அவள் மலைக்குப் போனபோது இருவரும் சோணையின் டீக்கடையில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். கோட்டைச்சாமி மடியில் சாவி. வெள்ளைத்துரை வசம் ஜீப்பு. காய் சாக்குக்குள் புழுங்கிக்கொண்டிருந்தது.

"ஜீப்பு வந்து என் காயை இறக்கட்டும், சாவியத் தர்றேன்" என்றார் கோட்டைச்சாமி.

"சாவி வரட்டும், ஜீப்பத் தர்றேன். நீங்க போட்ட சட்டந்தான பாப்பா" என்றார் வெள்ளைத்துரை.

தேவகிருபைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்னையில் காகிதத்தில் அவள் அவிழ்க்கத் திணறிய அதே முடிச்சு, இங்கே டீ குடித்துக்கொண்டிருந்தது.

"சரி, மூத்தவுகளுக்கு மொதல்ல. யாரு மூத்தவுக?"

"அண்ணன்தான்" என்று கோட்டைச்சாமி கையைக் காட்டினார்.

"அய்யய்ய, இவருதான் எனக்கு அண்ணன்" என்றார் வெள்ளைத்துரை.

சோணை அவள் பக்கம் குனிந்தார். "ரெண்டு பேருக்கும் ராசிங்காபுரத்துல பொண்ணு பேசுறாக பாப்பா. ரெண்டு பேரும் முப்பதுன்னு சொல்லி வச்சிருக்காக."

மனிதர்களை வரிசைப்படுத்தினால் கல்யாணம் கெடும், பொருள்களை வரிசைப்படுத்தினால் யாருக்கும் நட்டமில்லை என்று அவளுக்குப் பட்டது.

"இனிமே மொதல்ல ஜீப்பு, பெறகுதான் சாவி. ஜீப்பு கையில இல்லாதவுக சாவியத் தொடக் கூடாது."

கோட்டைச்சாமி முணுமுணுத்துக்கொண்டே சாவியைக் கீழே வைத்தார். வெள்ளைத்துரையின் லோடு வெரசா ஸ்டோருக்குள் ஏறியது, பிறகு கோட்டைச்சாமியுடையது. காத்துக் கிடந்ததில் அவர் காய் பச்சை மங்கிக் கொஞ்சம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரும்பிய அப்பாவுக்கு அத்தனையும் முதல்தரமாகவே தெரிந்தது.

அந்த வரிசையையே அவள் ஆராய்ச்சியில் எழுதிப் பட்டம் வாங்கினாள். பெங்களூரில் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் உத்தியோகம் கிடைத்தது. மகளுக்கு என்ன வேலை என்று கோயிலில் கேட்டவர்களிடம், "கம்ப்யூட்டருக்கு லோடு ஏத்திவிடுறா" என்று அம்மா ஜெயபாக்கியம் சொன்னாள். தேவகிருபை அதைத் திருத்தவில்லை.