எடுத்துக்கொடுக்காதே

"தண்ணியாப்பா? தட்டா? தம்பியக் கூப்பிடணுமா?"

மூன்றுக்கும் இல்லையென்று தலையாட்டினார் அப்பா. சாப்பாட்டு மேஜையில் சூப்பின் ஆவி பறந்தது. "த... த..." என்று அவர் மறுபடியும் திணறுவதற்குள் மகள் தம்ளரைக் கையில் திணித்துவிட்டாள். அப்பா அதைத் தட்டிவிட்டார். விரிப்பெல்லாம் தண்ணீர். பஸ் ஓட்டும்போது குறுக்கே பாய்கிறவனைக்கூடச் சிரித்துக்கொண்டே திட்டுகிற மனிதர், பெற்ற மகள் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார்.

பக்கவாதம் அவர் பேச்சைக் கொண்டுபோன நாளிலிருந்து வீட்டில் அவள்தான் அவருக்கு வாய். பதினாறு வயது, ஓரிடத்தில் நிற்காத கால், 'பட்டாசு' என்று பட்டப்பெயர். அவர் முதல் எழுத்தைத் தொட்டால் போதும், மிச்சத்தை இவள் முடித்துவிடுவாள். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "எடுத்துக் குடுக்காதீங்க. அவரே தேடி எடுக்கட்டும்." கேட்டால்தானே!

அறைக்குள் போய்க் கட்டிலோரம் முழங்காலிட்டாள்.

"ஆண்டவரே, அப்பாவுக்குப் பேச்சு வரணும். என் பரீட்சைக்கு முன்னாடி வரணும். இப்படித் திக்கித் திக்கி இல்ல, பழையபடி வரணும். அப்புறம் வண்டி ஓட்ட..."

சட்டென்று நிறுத்தினாள். ஆண்டவருக்குமா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்? வெட்கத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டாள். கடைசியில், "நீங்களே பாத்துக்குங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். நெஞ்சு லேசானது போலிருந்தது.

மறுநாள் சாயங்காலம் நால்வரும் உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறிவிட்டுக் கை குவித்தாள். உணவு வேளை ஜெபம் இப்போதெல்லாம் அவள் பொறுப்பு. முன்பு அப்பாவுடையது. அவர் ஜெபத்துக்கு ஸ்டாப்பிங்கே கிடையாது என்று தம்பி கேலி செய்வான்.

அம்மா வாயைத் திறக்குமுன் அப்பா கை உயர்த்தினார்.

"த..."

பட்டாசின் நாக்கு நுனி வரைக்கும் 'தண்ணி' வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேஜைக்கடியில் தம்பி அவள் காலை உதைத்தான். அசையவில்லை. அப்பாவின் நெற்றியில் நரம்பு புடைத்தது.

"த... தக... தகப்பனே."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தண்ணியுமில்லை, தட்டுமில்லை. இத்தனை நாளும் அவர் ஜெபம் தொடங்கத்தான் பார்த்திருக்கிறார்! ஒவ்வொரு முறையும் இவள்தான் குறுக்கே விழுந்திருக்கிறாள். குற்ற உணர்வு வரவேண்டிய இடத்தில் நன்றிதான் பொங்கியது, கண்ணீராக.

"ஸ்... ஸ்..." என்று அப்பா அடுத்த வார்த்தைக்குப் போனார். வரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் முயன்றார்.

"ஆறிடுச்சே, சூடு பண்ணவா?" என்று தம்பி கிசுகிசுத்தான்.

"இருடா" என்றாள். "அவசரமில்ல."

சூப்பின்மேல் மெல்லிய ஆடை படிந்திருந்தது. ஜெபத்தில் கண்மூட மறந்து, மூவரும் அப்பாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவை திறந்தன, மூடின, மறுபடியும் திறந்தன.