மரை சேர்ந்தால் போதும்

காலையில் எங்கள் வண்டி இருமும். சாவியைத் திருப்பியதும் எஞ்சினுக்குள் யாரோ கரண்டியால் தட்டுவதுபோல ஒரு சத்தம். ஆயில் விளக்கு சிவப்பாக நிற்கும். பிறகு விளக்கு அணையும், சத்தமும் அடங்கும். அந்த இருமலைக் கேட்டுத்தான் அம்மா உள்ளே செருப்பைத் தேடுவாள். வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் சுத்திகரிக்க அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வண்டி அது. போகும்போதும் திரும்பும்போதும் அவளால் உட்கார முடியாது. பழைய வண்டி என்றாலும் பின்சீட் நீளம். கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வருவாள்.

இந்த மாதம் இருமல் நீண்டுபோனது. எஞ்சின் சூடான பிறகும், சிக்னலில் நின்றால் விளக்கு மினுக்கியது. அப்பா வண்டியைக் கடைக்கு ஓட்டி வந்தார்.

கடை பெரியப்பாவுடையது. வண்டி உதிரிபாகங்கள் விற்கிறார். வேதியியல் படித்துவிட்டு வேறு வேலை அமையாமல் நான் அங்கே கவுண்டரில் இருக்கிறேன். வருகிறவர்கள் கேட்பதை எடுத்து வைத்தால் போதும், அதிகம் பேச வேண்டியதில்லை. அது எனக்கு வசதி.

"அண்ணா, சத்தம் அதிகமாயிடுச்சு. நாளைக்கு இவ அம்மாவை வேற கூட்டிட்டுப் போகணும்" என்றார் அப்பா.

"வயசான எஞ்சின்டா. கொஞ்சம் கெட்டி ஆயிலா ஊத்து, அடங்கிடும்" என்றார் பெரியப்பா. "ஆயில் ஃபில்டரையும் மாத்திடு. நம்ம பெட்டியில இருந்தே எடுத்துக்கோ. உங்கிட்ட கணக்கா பார்க்கப் போறேன்?"

அவரே ஒரு ஃபில்டரை எடுத்து என்னிடம் நீட்டினார். அந்த வண்டிக்கு உரிய கம்பெனி ஃபில்டர் வருவது நின்றதிலிருந்து இதைத்தான் கொடுக்கிறார். கடையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய ஃபில்டர் ஏறுகிற அளவு ஆணியில் புதியதன் மரை, அதாவது உள்ளே இருக்கிற திருகு வரி, சேர்கிறதா என்று திருகிப் பார்ப்பார். சேர்ந்தால் அந்த வண்டிக்கு அது சரி.

நான் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். நடுவில் மரை. சுற்றிலும் சின்னத் துளைகள். துளைகளுக்குள் கறுப்பாக ஒரு ரப்பர் மடல் தெரிய வேண்டும். வெறும் தகரம்தான் தெரிந்தது.

"பெரியப்பா, இதுல வால்வு இல்ல."

"என்னம்மா?"

"வண்டியை நிறுத்தினதும் ஆயில் கீழே இறங்கிடாம ஒரு ரப்பர் பிடிச்சு வைக்கும். அப்பா வண்டில ஃபில்டர் படுத்தவாக்குல இருக்கு. ரப்பர் இல்லன்னா ராத்திரியெல்லாம் வடிஞ்சிடும். காலையில எஞ்சின் வறண்டு சுத்தும். கெட்டி ஆயில் மேல ஏற இன்னும் லேட்டாகும்."

ஒரே மூச்சில் இவ்வளவு நான் பேசியதில்லை.

"மரை சேருதுல்ல?" என்றார் பெரியப்பா.

"சேருது."

"அப்புறம் என்ன?"

பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் கவுண்டரில் சாய்ந்து நின்றான். வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு சைலன்ஸர் என்று பெயர். "ஃபில்டர்ல மரை சரியாத்தான் இருக்கு மொதலாளி. படிச்சுப் படிச்சு பாப்பாவுக்குத்தான் கழண்டிருக்கு" என்றான். பெரியப்பா சிரித்தார். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

"அண்ணன் சொன்னா சரிதான்மா" என்றார்.

கொட்டகையில் சைலன்ஸர் பழைய ஃபில்டரைக் கழற்றினான். அதை வெட்டிக் காட்டச் சொன்னேன். கிண்டல் செய்துகொண்டேதான் வெட்டினான். உள்ளே இருந்த மடிப்புத் தாளை வெயிலில் விரித்தோம். கறுப்பு எண்ணெய்க்கு நடுவே செம்பு நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது.

அவன் பேச்சு நின்றுவிட்டது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான்.

"பேரிங்குண்ணே" என்றான் அப்பாவிடம். "மேல்பூச்சு போயி அடியில இருக்கிற செம்பு வருது. கெட்டி ஆயில் ஊத்தினா சத்தம் கேக்காது. தேயறது நிக்காது."

"நாளைக்கு ஒருநாள் ஓடுமா?"

"ஓடலாம். நடுரோட்டுல பிடிச்சுக்கிட்டும் நிக்கலாம். அண்ணியைப் படுக்க வச்சுக்கிட்டு நான்னா எடுக்க மாட்டேன்."

அப்பா அந்தத் தாளை நான்காக மடித்தார். சட்டையில் எண்ணெய் படுவதைக்கூடப் பார்க்காமல் பைக்குள் வைத்தார்.

"பெரியப்பாகிட்ட சொல்ல வேண்டாம்மா. ஆசையா கொடுத்தது. மனசு உடைஞ்சிடுவார்."

"இன்னும் ஒரு பெட்டி நிறைய இருக்குப்பா."

அவர் வண்டியின் பானெட்டை மூடினார்.

நான் கடைக்குத் திரும்பியபோது ஒரு வாடகை வண்டி டிரைவர் நின்றிருந்தார். அவர் வண்டியும் எங்களுடையது மாதிரியே பழையது. பெரியப்பா அதே பெட்டியைத் திறந்து, "மரை பார்த்துக் கொடும்மா" என்றார்.

ஃபில்டர் என் கையில் இருந்தது. தலையை நிமிர்த்தாமல் சொன்னேன். "இது வேண்டாம்ணா. இதைப் போட்டுத்தான் எங்கப்பா வண்டி பேரிங் போச்சு."

டிரைவர் என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "வேற கடையில பார்த்துக்கறேன்" என்று இறங்கிப் போனார்.

பெரியப்பா வாசல்பக்கம் பார்த்தார். அப்பா அங்கே நின்றிருந்தார். சட்டைப்பையில் கறுப்பாக எண்ணெய் ஊறியிருந்தது.

"அப்படியாடா?"

அப்பா தரையைப் பார்த்தார். அண்ணன் முகத்துக்கு நேரே அவர் எதையும் மறுத்ததில்லை. இப்போதும் மறுக்கவில்லை.

பெரியப்பா ஃபில்டரை என்னிடமிருந்து வாங்கி, துளைக்குள் சுண்டுவிரலை விட்டுத் துழாவினார். "மரை சேந்துச்சே" என்றார். என்னிடம் சொன்னமாதிரி இல்லை. பிறகு பெட்டியைக் காலால் தள்ளிக் கவுண்டருக்கு அடியில் விட்டார். அன்று முழுவதும் என்னிடம் எதையும் எடுத்துத் தரச் சொல்லவில்லை. அவரே எழுந்து எழுந்து எடுத்தார்.

மறுநாள் காலை இருமல் இல்லாததால் அம்மா கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். "அப்பா இன்னும் கிளம்பலையா?"

வாசலில் பெரியப்பாவின் வண்டி நின்றது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா முன்னால் ஏறினார். பின்சீட் சின்னது. அம்மா காலை மடக்கி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரித் திருப்பம் வரை அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா கண்ணை மேலே தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அண்ணனும் தம்பியும் சண்டையா?"

"இல்லம்மா."

"நீ ஏதாவது சொன்னியா?"

நான் அவள் தலைமுடியை ஒதுக்கினேன். முன்னால் இருந்த இருவரில் யாரும் திரும்பவில்லை.

"இந்த வண்டியில சத்தமே இல்ல" என்றாள் அம்மா.