சுப்பையன் படித்த பள்ளி

தங்கசாமிக்கு அப்பன் சுப்பையன் பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். மனுஷன் செத்து நாற்பது வருடம் ஆகப்போகிறது, கோபம் மட்டும் ஆறவில்லை. எப்படி ஆறும்? வெள்ளைக்காரன் காலத்திலேயே திருச்சிப் பக்கம் சேசு சபைச் சாமியார்களின் விடுதியில் தங்கிப் படித்தவர், பெற்ற மகனை அதே பள்ளிக்கு அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். ஐந்தாம் வகுப்பில் தங்கசாமிதான் முதல். சாமியாரே அவர்கள் ஊரான மல்லசமுத்திரத்துக்கு வந்து, சோறும் துணியும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பையனை அனுப்புங்கள் என்று கேட்டார். சுப்பையன் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். மறுநாளே மகனை மாடு மேய்க்க அனுப்பிவிட்டார். அப்புறம் சங்ககிரியில் லாரிக்கு மூட்டை தூக்கியே தங்கசாமியின் ஆயுசு போயிற்று.

தான் மட்டும் படித்துக்கொண்டு என்னைக் கெடுத்தான் என்று அவர் சொல்லிப் புலம்பாத ஆளில்லை.

மகள் சரிதா வாத்தியாரம்மா. சேசு சபையார் அந்தக் காலத்தில் நடத்திய பள்ளிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அந்த ஆள் எத்தனை வருடம் படித்தான் என்று கேட்டுச் சொல் என்று தங்கசாமிதான் அவளை நச்சரித்தார். அவளும் சபையாருக்கு எழுதிக் கேட்டாள். பழைய பதிவேட்டின் ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில் வந்தது. வெள்ளைக்காரச் சாமியாரின் ஆங்கிலக் கையெழுத்து. மனசுக்குள் படித்த சரிதா நிமிரவேயில்லை.

"என்ன சாமி, எத்தன வருசம்?"

"நாலு மாசங்கப்பா."

மீதியை மெல்ல மெல்லச் சொன்னாள். விடுதியில் சுப்பையனுக்கு மட்டும் வாசலில் தனித் தண்ணீர்ப் பானை. மேல்சாதிப் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிப் போய்விடுவார்களோ என்று பயந்து சாமியார்கள் செய்துவைத்த ஏற்பாடு. காய்ச்சலாய்க் கிடந்த ஒருநாள், உள்ளே இருந்த பானையில் மொண்டு குடித்துவிட்டார். சேதி ஊருக்குப் போனது. லீவுக்கு வந்த பன்னிரண்டு வயசுப் பையனை ஊர்க்காரர்கள் அடித்துக் கையை ஒடித்தார்கள். திரும்பி வரவில்லை, கணக்கில் கெட்டிக்காரன் என்று பதிவேடு முடிந்திருந்தது.

தங்கசாமிக்கு அந்தக் கை தெரியும். கடைசிவரை நேராக நீட்ட முடியாத வலது கை. பனையிலிருந்து விழுந்தேன் என்றுதான் அப்பன் சொல்லியிருந்தார்.

 சரிதா பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒன்றை முதல்முறையாக அவளிடம் தங்கசாமி சொன்னார்.

"எங்கப்பன் செத்தன்னைக்கு நா ஊட்டுக்கே வரல சாமி. ஆளு வந்து கூப்புட்டும், லோடு இருக்குதுன்னு ஈரோட்டுக்கு லாரி ஏறிட்டேன். பெத்த மவன் நா ஒரு கை மண்ணு போடல."